தண்ணீர் வந்தால் இரண்டு ரிங்

ஜூன் 1, சனி

டீச்சர், என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி என்று எழுத்துகள் தள்ளாடுகின்றன. ஐம்பது வருடம் செம்புக் கம்பி சுற்றிய விரல்கள் இவை. கம்பியை இழுத்துப் பிடித்துப் பழகியதால் பேனாவையும் அப்படியே பிடிக்கிறேன். தாள் கிழிகிறது. இவ்வளவு எழுத அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் எழுதியதை நானே திரும்பப் படித்துப் பார்த்தேன், நான் நினைத்தது அப்படியே இருக்கிறது. ஆச்சரியமாக இருக்கிறது டீச்சர்.

முதியோர் வகுப்பில் நோட்டைக் கொடுத்து, யாருடையது என்று முதல் பக்கத்தில் எழுதச் சொன்னீர்கள். என் பெயர் சாமியப்பன். வயது எழுபத்திரண்டு. தாராபுரம் உடுமலை ரோட்டில் கிணற்று மோட்டார் ரிப்பேர் கடை. எரிந்துபோன மோட்டாரைக் கிணற்றிலிருந்து எடுத்து வந்து, கருகிய காயிலைப் பிரித்துப் போட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். இப்போது கடையைப் பார்ப்பது என் மகள் சுகந்தி. டிப்ளமோ படித்தவள். என்னைவிட நன்றாகக் காயில் கட்டுவாள். என்னைவிடச் சத்தமாகவும் பேசுவாள்.

எங்கள் கடைப் பெயர்ப் பலகையைப் போன மாதம்தான் முதல் முறையாகப் படித்தேன். சாமிமலை எலக்ட்ரிக்கல்ஸ். முருகன் மேல் உள்ள பக்தி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சாமி என்பது நான். மலை என்பது இன்னொரு ஆள். அதைப் பிறகு எழுதுகிறேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். கடையைப் பற்றி எழுதியே பக்கம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 3, திங்கள்

ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒரு மண்டை ஓடு வரைந்திருக்கும். அதன் கீழே ‘அபாயம்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் அது கம்பெனியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

சுகந்தி கடைக்கென்று ஒரு செல்ஃபோன் வாங்கி வந்திருக்கிறாள். விரலால் தள்ளுகிற மாதிரி. நான் தள்ளினால் நகர மாட்டேன் என்கிறது. என் விரலில் ஏறிப்போன வார்னிஷ் காரணமாக இருக்கலாம்.

மேசையில் இருக்கும் பழைய ஃபோனை எடுத்துவிடப் போகிறாளாம். நான் ஏன் என்று கேட்டதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

“மாசத்துக்குப் பத்து ஃபோன் வருதுங்கப்பா. அதுல எட்டு ராங் நம்பரு. மழை பேஞ்சா கொரகொரங்குது, காத்தடிச்சா செத்துப் போகுது. எல்லாரும் என்ற செல்லுக்குத்தான் கூப்புடறாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்லாம்.”

அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

இந்த ஃபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாலு வருடம் காத்திருந்தோம். எண்பத்தொன்பதில் வந்தது. கம்பி இழுத்து, கறுப்பு ஃபோனை மேசையில் வைத்துவிட்டுப் போன பிறகு, மூன்று நாள் யாரும் கூப்பிடவில்லை. எங்கள் நம்பர் யாருக்கும் தெரியாது என்பதே எங்களுக்கு நான்காம் நாள்தான் உறைத்தது. அப்புறம் ஒரு டின் நீலப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பி, நாங்கள் மோட்டார் இறக்கிய ஒவ்வொரு கிணற்று மோட்டார் ரூம் சுவரிலும் நம்பரை எழுதினோம். முதலில் மூன்று இலக்கம்தான். ஊர் வளர வளர ஆபீஸ்காரர்கள் முன்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆறாக்கினார்கள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் டின்னோடு போய் முன்னால் ஒவ்வொன்று சேர்த்தோம். மூலனூர்ப் பக்கம் இன்றைக்கும் சில சுவர்களில் மூன்று இலக்கம் அழுத்தமாகவும் முன்னால் உள்ளவை வெளுத்தும் தெரியும்.

‘நாங்கள்’ என்று எழுதிவிட்டேன். எழுதியவன் வடமலை. நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வடமலை என் கூட்டாளி. என்னைவிட இரண்டு வயது சின்னவன். கிணற்றில் மோட்டார் இறக்க அவன் போவான், கடையில் காயில் கட்ட நான் இருப்பேன். வேலை என்ன ஆயிற்று என்று அவன் எனக்குச் சொல்லியாக வேண்டும். பேசினால் காசு. அதனால் ஒரு ஏற்பாடு செய்தான். தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்த ஃபோன் கிடைத்தாலும் அதிலிருந்து கடைக்கு அடிப்பான். இரண்டு ரிங் அடித்து நின்றால், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வந்துவிட்டது. இரண்டையும் தாண்டி அடித்தால் ஏதோ சிக்கல், எடுத்துப் பேச வேண்டும். அதனால் மூன்றாவது ரிங்குக்கு முன்னால் நான் ஃபோனை எடுக்கவே மாட்டேன். சாமிமலைக்காரர்கள் மூன்றாவது ரிங்குக்குத்தான் எடுப்பார்கள் என்று இந்த வட்டாரத்துக்கே தெரியும். ஏதோ பெரிய கடை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாசக் கடைசி வரை ஃபோன் இருக்கட்டும் என்று சுகந்தியிடம் சொன்னேன். எதற்கு என்றாள். சும்மாதான் என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

காலை பத்தரை. இரண்டு ரிங். நின்றது.

சுகந்தி தலையைத் தூக்காமலே, “பாத்தீங்களா, ராங் நம்பரு” என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

கடை விடுமுறை. இன்றைக்கு நிறைய எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் மாதக் காற்று, நோட்டின் மேல் ஒரு பேரிங்கை எடுத்து வைத்திருக்கிறேன்.

வடமலை கடையை விட்டுப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. இப்படி நடந்தது. மூலனூர்ப் பழனியப்பர் தோட்டத்து மோட்டாரும், அதே மாதிரி இன்னொருவர் மோட்டாரும் ஒரே நாளில் ரிப்பேருக்கு வந்தன. பழனியப்பருடையது வேலை முடிந்துவிட்டது. மற்றதற்குப் புதுப் பேரிங் வரவேண்டியிருந்தது. எது யாருடையது என்று அட்டையில் பெயர் எழுதி மோட்டாரில் கட்டுவது எங்கள் வழக்கம். அட்டை எழுதுவது வடமலை வேலை. அட்டை மாறிப்போய், பேரிங் மாற்றாத மோட்டார் பழனியப்பர் கிணற்றில் இறங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் இறுகி எரிந்துவிட்டது. அதை மறுபடி சரிசெய்ய நாலு நாள் ஆயிற்று. அவருடைய வெங்காய நாற்று மொத்தமும் காய்ந்துபோயிற்று.

அவர் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் கத்தினார். நான் வடமலையைப் பார்த்துக் கத்தினேன். எழுதத் தெரிந்தவன் என்ற திமிரில் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாயா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அந்த நாலு பேரையும் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

நான் மோட்டாரைத் தூக்கக் கிணற்றுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் இல்லை. ஃபோன் மேசைக்கு மேலே சுவரில் பென்சிலால் என்னவோ எழுதியிருந்தது. ஐந்தாறு வரி. ஆத்திரத்தில் என்னைத் திட்டி எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். வேறு யாரும் படிப்பதற்கு முன்னால் ஒரு காலண்டரை எடுத்து அதன் மேல் மாட்டினேன். வருடா வருடம் காலண்டர் மாறும், ஆணி மாறவில்லை. அது அங்கே இருக்கக்கூடாத இடம். ஃபோன் பேசக் குனிகிறவர்கள் தலையில் இடிக்கும். மயிலாத்தாள்கூட ஒரு ஆயுத பூஜைக்குக் கடைக்கு வந்தபோது, “ஏனுங்க, கலண்டர மாட்ட வேற எடமே கெடைக்கலீங்களா” என்று கேட்டாள். மயிலாத்தாள் என் மனைவி. ஐந்தாவது வரை படித்தவள்.

வடமலை போன அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இரண்டு ரிங் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. அவன்தான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வந்துவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறான். கோபமாக இருந்தாலும் சொல்கிறானே என்று சந்தோஷம். இரண்டு ரிங்கை எடுக்கக்கூடாது என்பது ஏற்பாடு. அதனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். பதினேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புது ஃபோனின் நம்பர் அவனுக்குத் தெரியாது. அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. மாசக் கடைசிக்கு இன்னும் மூன்று வெள்ளி இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

வகுப்பில் நோட்டைத் திருப்பிக் கொடுத்தீர்கள் டீச்சர். ‘அட்டை மாறிப்போய்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். எழுத்துப் பிழையோ என்று வீட்டில் மூன்று தடவை பார்த்தேன். பிழை இல்லை.

ரப்பரால் அழித்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று ரிங் வரவில்லை. பதினொன்றரைக்குத்தான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. ரோட்டை அகலப்படுத்தத் தோண்டியதில் கம்பி அறுந்திருக்கிறது.

சுகந்தியிடம் சொன்னால் நல்லதாகப் போயிற்று என்பாள். அதனால் நானே டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். புகார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அங்கே இருந்த அலுவலர். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று பேனாவைத் திறந்தார். நானே எழுதுகிறேன் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ‘ஐயா, எங்கள் ஃபோன் பேசவில்லை. வரும் வெள்ளிக்குள் பேச வேண்டும். தயவு செய்யவும்.’ என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் மனு. ஆபீசே எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது போல இருந்தது. நான் அவசரப்படவில்லை.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்த இணைப்பை நிறுத்தச் சொல்லி உங்கள் மகள் நேற்றுத்தான் மனுக் கொடுத்திருக்கிறார், இருபத்துநாலாம் தேதி திங்கட்கிழமை நிறுத்திவிடுவோமே என்றார்.

ஆகவே ஒரே ஒரு வெள்ளிதான். அதுவும் கம்பி சரியானால்.

கடைக்கு வந்து சுகந்தியிடம் சண்டை போட்டேன். மாசக் கடைசி என்று சொன்னேனே என்றேன். இருபத்துநாலு மாசக் கடைசி இல்லையா என்றாள் அவள். காரணம் கேட்டாள். சொல்லவில்லை. அவள் கோபத்தில் என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டாள்.

ஜூன் 19, புதன்

லைன்மேன் வந்து கம்பியை ஒட்டிவிட்டுப் போனார். கொரகொர சத்தம் திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு இனிமையான சத்தத்தை இத்தனை நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 20, வியாழன்

நாளைக்குக் கடைக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார். ஃபோன் மேசையையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு ரேக் வைக்கப் போகிறாள் சுகந்தி. சுவரில் மாட்டியிருப்பதையெல்லாம் இன்றே கழற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் ஒரு கிணற்றுக்குக் கிளம்பிப் போனாள்.

கடையில் நான் மட்டும். எல்லாவற்றையும் கழற்றினேன். காலண்டர் ஒன்றுதான் பாக்கி.

டீச்சர், உங்கள் வகுப்பில் சேர்ந்தபோது எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டீர்கள். பஸ் போர்டு படிக்க என்றேன். அது பாதிதான் உண்மை. எழுத்துக் கூட்டப் பழகிய பிறகும் அந்தக் காலண்டரைத் தொடவில்லை. திட்டுதான் எழுதியிருக்கிறது என்றால், படிக்காமல் இருந்ததே நல்லது இல்லையா.

நாளைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அப்புறம் படிக்கவே முடியாது. எடுத்தேன். பென்சில் எழுத்து, காலண்டர் மூடியிருந்ததால் மங்காமல் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். வடமலையின் எழுத்து அழகு. கோலம் போல இருக்கும். அதனாலேயே சில இடங்களில் சிக்கிக்கொண்டேன். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் இரண்டு பேர் வந்தார்கள். கடை லீவு என்று சொல்லிவிட்டேன்.

அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

‘அண்ணா, நான் போறேன். எங்க இருந்தாலும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ரெண்டு ரிங் குடுப்பேன். மூணாவது ரிங்குல நீங்க யாருக்கு வேணாலும் எடுப்பீங்க. அதனால ரெண்டோட நிறுத்திக்குவேன். உங்க கோவம் தீந்த அன்னைக்கு ரெண்டாவது ரிங்குக்குள்ள எடுங்க. எடுத்தா அடுத்த வண்டியில வந்தர்றேன். எடுக்காத வரைக்கும் தீரலைன்னு நெனச்சுக்கறேன். இத அண்ணியப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. மலை.’

திட்டு எங்கே என்று தேடினேன். மேலே, கீழே, மேசைக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். இவ்வளவுதான் இருந்தது.

பதினேழு வருடம். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. ஒவ்வொரு வெள்ளியும் அவன் தீர்ந்ததா என்று கேட்டான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, தீரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மயிலாத்தாளைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். அவள் இரண்டு நிமிடத்தில் படித்திருப்பாள்.

டீச்சர், நீங்கள் போட்ட கேள்விக்குறியை அழித்துவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா. அந்த இடத்தில் நானே மறுபடி போட்டுவிட்டேன். அதற்குப் பதிலும் எழுதுகிறேன். வடமலை அட்டையைச் சரியாகத்தான் எழுதியிருந்தான். வார்னிஷில் முக்குவதற்காக இரண்டு மோட்டாரிலிருந்தும் அட்டையை அவிழ்த்தது நான். காய்ந்த பிறகு திரும்பக் கட்டியதும் நான். எது எதில் இருந்தது என்று மறந்துவிட்டது. அட்டையைப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கேட்கலாம் என்றால் வடமலை டீ குடிக்கப் போயிருந்தான். குத்துமதிப்பாகக் கட்டிவிட்டேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது மயிலாத்தாளையும் வடமலையையும் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. யாராவது காகிதத்தை நீட்டினால், “அண்ணன் கண்ணாடி கொண்டாரலீங்க, இங்க குடுங்க” என்று அவன் வாங்கிக்கொள்வான். என் கையெழுத்தைக்கூட அவன்தான் ஒரு படம் மாதிரி வரையக் கற்றுக்கொடுத்தான். அன்றைக்கு அந்த நாலு பேர் முன்னால் அட்டை கட்டியது யார் என்று அவன் வாயைத் திறந்திருந்தால், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூன் 21, வெள்ளி

காலை எட்டு மணிக்கே ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கைக்கு முப்பத்தைந்து வருடமாக மூன்றாவது ரிங்குதான் பழக்கம். அதை நம்ப முடியாது.

வெள்ளையடிப்பவர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். மற்ற மூன்று சுவரை முடியுங்கள் என்றேன். சுகந்தி வந்தாள். மேசையை எடுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தவள், காலண்டர் இல்லாத சுவரைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் படித்தாள். நான் மணிக்கணக்காகப் படித்ததை அவள் ஒரு மூச்சில் படித்தாள். வடமலை போன சமயம் அவள் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வடமலைச் சித்தப்பா வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்தரை ஆயிற்று. ரிங் இல்லை. போன வாரம் கம்பி அறுந்திருந்ததே, அது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்குமோ என்று நினைத்தேன். பத்தே முக்கால் ஆயிற்று. சுகந்தி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது என்று திரும்ப வைத்தாள். வெள்ளையடிப்பவர் மூன்று சுவரையும் முடித்துவிட்டு வாசலில் நின்றார்.

பத்து ஐம்பதுக்கு அடித்தது. முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

அலோ என்றேன். கொரகொர சத்தம்தான் வந்தது. மறுபடி அலோ என்றேன். தூரத்தில் யாரோ கைதட்டினார்கள். பிறகு ஒரு பெண் குரல்.

“ஆருங்க?”

“சாமியப்பன். தாராபுரம்.”

“பெரீப்பாங்களா? நா மஞ்சுளாங்க.”

வடமலையின் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் கடையில் பழைய செம்புக் கம்பியில் மோதிரம் முறுக்கிப் போட்டுக்கொள்ளும் பிள்ளை. அப்பன் எங்கே கண்ணு என்றேன்.

“இங்கதானுங்க நிக்கறாரு. அவருக்குக் காது கேக்காதுங் பெரீப்பா, எட்டு வருசமாச்சு. இங்க வடநாட்டுல பீவண்டியில தறி ஓட்டிச் சத்தத்துல போயிருச்சு. ரிங் போறதே அவருக்குத் தெரியாது. நம்பரப் போட்டுட்டு, கடியாரத்தப் பாத்து ரெண்டு ரிங் நேரத்த எண்ணிட்டு வெச்சுருவாரு. இன்னைக்கு லைனே கெடைக்காம இருவது நிமிசமாப் போட்டுட்டு இருந்தாருங்க. இப்பப் பாத்தா ஃபோன்ல செகண்டு ஓட ஆரம்பிச்சிருச்சு. அதப் பாத்துத்தான் கைதட்டி என்னையக் கூப்புட்டாரு.”

“இப்ப என்ன பண்றான்?”

“செகண்டு ஓடறதப் பாத்துட்டே நிக்கறாருங். ஃபோன என்ற கையில குடுக்க மாட்டேங்கறாரு. மேசை மேல வெச்சுட்டுத்தான் பேசறேன்.”

கோபம் ஒரு நாளும் இருந்ததில்லை, படிக்கத் தெரியாமல் போயிற்று என்று அவனிடம் சொல் என்றேன். இவ்வளவையும் கையால் எப்படிக் காட்டுவது என்று அவள் சிரித்தாள். அப்புறம் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நீங்க எழுதுங்க பெரீப்பா. எழுதினாப் படிப்பாரு.”

“எழுதறேன் கண்ணு” என்றேன்.

என் ஆயுளில் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

புது ஃபோன் நம்பரைக் கேட்டாள். எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. சுகந்தி எழுதிய அட்டையை என் முன்னால் தள்ளினாள். பார்த்துப் பத்து இலக்கத்தையும் படித்துச் சொன்னேன். அவளுடைய நம்பரைச் சொன்னாள், என் கையாலேயே எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகும் இருவரும் வைக்கவில்லை. மொத்தம் பதினோரு நிமிடம் நாற்பது செகண்டு என்று கடைசியில் மஞ்சுளா சொன்னாள். அதில் பேசியது நாலு நிமிடம் இருக்கும். மீதி நேரம் அவன் பார்த்துக்கொண்டிருந்தான், நான் கொரகொர சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளையடிப்பவர் நாலாவது சுவரைக் காட்டி, இந்த இடத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். அடித்துவிடுங்கள் என்றேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

ஃபோனைத் துணியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய் ஆபீசில் கொடுத்தோம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வடமலை சொல்லித்தந்த படத்தை வரையவில்லை. சாமியப்பன் என்று எழுதினேன். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லையே என்றார் அலுவலர். பிறகு மேலே பார்த்து, புகார் எழுதிய ஆள்தானே என்று வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பை லேசாக இருந்தது. வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

பத்தரைக்குப் புது ஃபோன் இரண்டு ரிங் அடித்து நின்றது. ‘வடமலை’ என்று எழுத்து வந்தது. சுகந்தி பதிந்து வைத்திருக்கிறாள். அடிக்கும்போதே ஆளின் பெயரைப் படிக்கலாம் என்பது இந்த ஃபோனில் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மூன்று நாளாக எழுதிய கடிதத்தை இன்றைக்கு முடித்தேன். சுகந்தி படம் பிடித்து அனுப்பினாள். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

‘அன்புள்ள வடமலைக்கு, அண்ணன் எழுதுவது. வேறு யாரும் எழுதவில்லை, நானே. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். நீ சுவரில் எழுதியதை இந்த மாதம் இருபதாம் தேதிதான் படித்தேன். நீ போன அன்றைக்கே அதைத் திட்டு என்று நினைத்துக் காலண்டரால் மூடியவன் நான். யாரிடமும் காட்டவில்லை. மூலனூர் மோட்டாரில் அட்டையை மாற்றிக் கட்டியவனும் நான்தான். அது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் சொல்லவில்லை. பலகையில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. நான் அழிக்கவில்லை. சுகந்தியும் அழிக்கமாட்டாள். தண்ணீர் வந்ததா.’

கீழே என் பெயரை எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க வந்துவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

பதில் வந்துவிட்டது. அவனும் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். அந்தக் கோலம் போட்ட எழுத்தில் கொஞ்சம் நடுக்கம். இரண்டு விரலை வைத்து விரித்தால் எழுத்துகள் பெரிதாகின்றன டீச்சர். சுவரில் இந்த வசதி இல்லை. இன்று கால் மணி நேரத்தில் படித்துவிட்டேன்.

‘அண்ணா, தண்ணி வந்துருச்சு. அட்ட சமாச்சாரம் அன்னைக்கே தெரியும். அட்டையில ஒட்டுன வார்னிஷ்ல உங்க கைரேகை இருந்துச்சு. உங்க எழுத்து கோணல் இல்ல, காயில் கட்டற மாதிரி சுத்திச் சுத்திப் போகுது. ஆடி பதினெட்டுக்கு மஞ்சுளா கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்குது. அண்ணி எப்படி இருக்காங்க? அவங்களப் பத்தி ஒரு வரி எழுதலையே. வந்தா அவங்க கையால பிழிஞ்ச சந்தகை சாப்புடணும்.’

இதற்குப் பதில் எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆடிப் பெருக்கு வரப்போகிறது என்று எழுதினேன். கடைக்கு வெள்ளையடித்தாயிற்று என்று எழுதினேன். நாலு வரிக்குப் பிறகு மயிலாத்தாள் என்று எழுதி நிறுத்தினேன். அவள் பெயரில் எனக்குத் தெரியாத எழுத்து ஒன்றும் இல்லை. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது என்பதிலும் இல்லை. உங்கள் வகுப்பில் எல்லா எழுத்தும் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். இருந்தும் பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தீர்கள். அதுவும் பாக்கி இருக்கிறது.

மதியம் புது ஃபோனை எடுத்து நானே தள்ளினேன். இன்றைக்கு நகர்ந்தது. வடமலைக்கு இரண்டு ரிங் கொடுத்துவிட்டு வைத்தேன். அவனுக்குக் கேட்காது. ஆனால் அங்கே என் பெயர் எரிந்து அணைந்திருக்கும். பிறகு ஒரு தாளில் ஒரே வரி எழுதிச் சுகந்தியிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன்.

‘வடமலை, அண்ணியைப் பற்றி எழுத எனக்கு ஒரு வாரம் வேண்டும், அடுத்த வெள்ளி கட்டாயம் எழுதுகிறேன்.’